ஓரியூர் தூரமா, ரெண்டு தெரு தூரமா?

கேள்வி: எனக்குச் சொந்தமாக ஒரு விசைப்படகு இருக்கிறது. போன மாதம் கரைக்கு வந்த இறால் பாதி நைந்துபோய் விலை போகவில்லை. ஐஸ் பெட்டியைச் சரியாக மூடவில்லை என்று படகில் வேலை பார்க்கும் பையனை ஏலம் நடக்கிற இடத்திலேயே, எல்லார் முன்னாலும் கண்டபடி பேசிவிட்டேன். அப்புறம் ஐஸ் கம்பெனி பில்லைப் பார்த்தால், ரெண்டு பார் குறைத்துச் சொன்னதே நான்தான். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன், ஓரியூர் அருளானந்தர் கோயிலுக்கு நடந்து வருவதாகவும் நேர்ந்திருக்கிறேன். இது போதாதா? பையனிடம் போய் மன்னிப்புக் கேட்டால் நாளைக்கு எவன் மதிப்பான் என்கிறார்கள் வீட்டில்.
(பாம்பன் வாசகர்)

பதில்: அண்ணே, பையன் வீடு எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, உங்கள் வீட்டிலிருந்து ரெண்டு தெரு தள்ளி இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். ஓரியூர் வரை நடக்கத் தயாராக இருக்கிற கால், அந்த ரெண்டு தெருவுக்கு வர மாட்டேன் என்கிறது பாருங்கள், உங்கள் கேள்வியே அதுதான். ஓரியூருக்குப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. லிஸ்பன் அரண்மனையில் இளவரசனோடு வளர்ந்த பிள்ளை அருளானந்தர், இங்கே வந்து பண்டாரசாமியாகக் காவி கட்டி, மரக்கறி மட்டும் சாப்பிட்டு ஊர் ஊராக நடந்து, 1693 பிப்ரவரி 4-ம் தேதி அந்த மண்ணில் தலை கொடுத்தார். அவரிடம் போய் நின்றால், பையனிடம் போனாயா என்றுதான் முதலில் கேட்பார் என்று நினைக்கிறேன்.

மத்தேயு 5-ம் அதிகாரத்தில் காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் சமாதானமாகு என்கிறாரே ஆண்டவர், அங்கே எவருக்காவது *உங்கள்மேல்* மனத்தாங்கல் இருந்தால் என்றுதான் இருக்கிறது. உங்கள் மனம் லேசாகிவிட்டதா என்பது அங்கே கணக்கிலேயே இல்லை.

என் கதையையும் கேளுங்கள். பூசையில் வாசகம் மாற்றி வாசித்துவிட்டான் என்று ஒரு பையனைப் பீடத்தறையில் வைத்துத் திட்டினேன். மறுநாள் பார்த்தால் தப்பான பக்கத்தில் பென்சில் குறி போட்டுக் கொடுத்ததே நான்தான். அதைச் சொல்ல எனக்குப் பதினோரு நாள் ஆனது, நடுவில் ரெண்டு ஞாயிறு பூசையில் நன்மை (நற்கருணை) வேறு வாங்கினேன். ஒருவழியாகப் போய்ச் சொன்னேன். "அன்னைக்கே தெரியும் சார், குறி உங்க கையெழுத்து மாதிரியே சாஞ்சிருந்துச்சு" என்றான். மதிப்புப் போய்விடும் என்று நாம் பயப்படுகிறோம், அது போய்ப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

கரையில் கத்தினீர்கள், அதனால் கரையில்தான் சொல்ல வேண்டும், வீட்டுக்குக் கூப்பிட்டுக் காபி கொடுத்துக் காதோடு சொல்வது பத்தாது. அந்தக் கடல் பயணத்துக்கு அவன் பங்குப் பணத்தில் ஏதாவது பிடித்தம் செய்திருந்தால் அதையும் கையோடு கொண்டுபோங்கள். பைபிளில் வரி வசூலித்த சக்கேயு, ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் தருகிறேன் என்றார், நீங்கள் பிடித்ததையாவது கொடுங்கள்.

கேள்வி: விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறைக்கு நடுவே முங்கி மரிக்கொழுந்து பாசி எடுக்கிறோம். வியாபாரி எடையில் குறைக்கிறார். கேட்டால், அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கத்துச் செபக் குழுவில்) ஒரு அக்கா "தாழ்ச்சியா இரு, ஆண்டவர் பார்த்துக்குவார்" என்கிறார்.
(பெயர் வேண்டாம், சின்னப்பாலம்)

பதில்: அந்த அக்காவின் பாசியை எடை போட்டால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியவில்லை. சரி, அதை விடுவோம். தலைமைக் குரு முன்னால் காவலன் ஒருவன் கன்னத்தில் அறைந்தபோது இயேசு வாயை மூடிக்கொண்டு நிற்கவில்லை. சரியாகப் பேசியிருந்தால் ஏன் என்னை அடிக்கிறீர் என்று கேட்டார், யோவான் 18-ல் இருக்கிறது. அவர் திருப்பி அடிக்கவும் இல்லை, அறைந்ததைச் சரி என்று ஒப்புக்கொள்ளவும் இல்லை. நீங்களும் தராசைக் காட்டச் சொல்லுங்கள், தனியாக வேண்டாம், நாலு பேர் சேர்ந்து போங்கள். சின்ன வயதில் ஞான உபதேசத்தில் தலையான பாவங்கள் ஏழு என்று ஒப்பித்தோமே, அதில் தாழ்ச்சிக்கு எதிரே நிற்பது அகங்காரம். நியாயம் கேட்பதை அந்தப் பட்டியலில் நான் பார்த்ததில்லை.

கேள்வி: பாடற்குழுவில் என் குரலைப் பாராட்டினால் "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று சொல்லிவிடுகிறேன். இது தாழ்ச்சிதானே?
(தங்கச்சிமடம் வாசகி)

பதில்: அடுத்தவர் "ஆமாம்மா, உனக்கு ஒண்ணும் தெரியாதுதான்" என்று சொல்லிவிட்டால் அன்றிரவு தூக்கம் வருமா? வரும் என்றால் தாழ்ச்சிதான். இல்லையென்றால் "நன்றிங்க" போதும். தாழ்ச்சி என்பது உண்மையில் நடப்பது என்று புனிதை அவிலா தெரசம்மாள் எழுதியிருக்கிறார், நல்ல குரலை நல்ல குரல் என்று ஒத்துக்கொள்வதும் உண்மைதான்.

கேள்வி: பெரிய வியாழன் சடங்கில் பங்குத்தந்தை பாதம் கழுவிவிடும் பன்னிரண்டு பேரில் இந்த வருடமும் என் பெயர் இல்லை. பெண்களுக்கெல்லாம் இடம் கொடுக்கிறார்கள்.
(மண்டபம் வாசகர்)

பதில்: 2016-ல் போப் பிரான்சிஸ் பெண்களையும் சேர்க்கலாம் என்று சொல்லிவிட்டார், அதில் பங்குத்தந்தையைக் குறை சொல்லிப் பயனில்லை. சடங்கு முடிந்ததும் தண்ணீர் சிந்திய இடத்தைத் துடைக்க, துண்டுகளைப் பிழிந்து காயப்போட, பெஞ்சைத் தூக்க ஆள் தேவைப்படும். பங்குத்தந்தையிடம் அதற்குப் பெயர் கொடுத்துப் பாருங்கள், அங்கே போட்டி இருக்காது.