கேளுங்கள் சொல்கிறேன்: வெளிநாட்டுக் கூட்டாளியும் வெள்ளவத்தை ஏஜென்சியும்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மக்கள் தொடர்புத் தொழிலைப் பற்றியவை. கொள்ளுப்பிட்டியில் நெடுங்காலம் அந்த வேலை பார்த்தவள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. சரி, நான்கை எடுத்துக்கொள்கிறேன்.

நண்பர்கள் மூவர் சேர்ந்து சிறிய பி.ஆர். (மக்கள் தொடர்பு) ஏஜென்சி நடத்துகிறோம். பல நாட்டுச் சுயாதீன ஏஜென்சிகள் சேர்ந்த வலையமைப்பு ஒன்று எங்களையும் சேரச் சொல்கிறது. வருடச் சந்தா டொலரில். வேலை வருமா, லோகோ மட்டும்தான் மிஞ்சுமா?
— வாசகர், வெள்ளவத்தை

சந்தா கட்டியதும் வேலை கொட்டும் என்ற நினைப்பில் இருந்தால் கட்டாதீர்கள், தம்பி.

இந்த ஏற்பாடு பழையது. இத்தகைய வலையமைப்புகளில் பி.ஆர்.ஓ.ஐ. 1970 இல் தொடங்கியது; ஐபிரெக்ஸ் 1983 இல், வேர்ல்ட்கொம் 1988 இல், பி.ஆர்.ஜி.என். 1992 இல். எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரே கவலைதான். நல்ல வாடிக்கையாளர் ஒருவர் திடீரென்று “மிலானிலும் பார்ப்பீர்களா, மும்பையிலும் பார்ப்பீர்களா?” என்று கேட்பார். ஊருக்கு ஊர் கிளை திறக்க நம்மிடம் காசு இல்லை. இல்லை என்று சொன்னால் அவர் பெரிய குழுமத்திடம் போய்விடுவார். அதனால் சொந்தக்காரரே முன்னின்று நடத்தும் ஏஜென்சிகள், பொதுவாக ஒரு சந்தைக்கு ஒன்று என்ற கணக்கில், கைகோத்துக்கொண்டன. (சுயாதீனம் என்றால் சிறியது என்று நினைக்க வேண்டாம். 1952 இல் சிகாகோவில் தொடங்கிய எடல்மன் உலகளாவிய பெரிய நிறுவனம். இன்றும் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது.)

சேருமுன் டாக்கா, கத்மண்டு, நைரோபி போன்ற ஊர்களில் இருக்கும் உறுப்பினர்களுக்கு எழுதுங்கள். போன வருடம் வலையமைப்பு வழியாக எத்தனை வேலை வந்தது, எத்தனை வேலையை வெளியே கொடுத்தீர்கள் என்று நேராகக் கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் விஷயம் புரிந்துவிடும். கொழும்பில் இன்னொருவரைச் சேர்க்க மாட்டோம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஒரு கூட்டாளி அனுப்பிய வாடிக்கையாளர் பின்னர் நேரடியாக உங்களிடம் வந்தால் அவர் யாருடையவர் என்பதையும் அப்போதே பேசி முடியுங்கள்.

அப்புறம், வாங்குவதற்கு முன் கொடுங்கள். உங்கள் தேயிலைக் கம்பனிக்காரர் துபாயில் அறிமுக விழா வைக்கப் போகிறாரா? அங்குள்ள உறுப்பினரிடம் கொண்டுபோய் விடுங்கள். பிறகு கொழும்பில் அவருக்கு ஒரு தேவை வந்தால் யாரைக் கூப்பிடுவார்?

லண்டன் ஏஜென்சி ஒன்று ஆங்கில ஊடக அறிக்கைகளை அனுப்பி, “சிங்களத்திலும் தமிழிலும் மாற்றிப் பத்திரிகைகளுக்கு அனுப்பினால் போதும்” என்கிறது. பக்கத்துக்கு எவ்வளவு கேட்கலாம்?
— வாசகி, தெஹிவளை

பக்கக் கணக்கே வேண்டாம். மணித்தியாலக் கணக்கில் கேளுங்கள், அதையும் ஆலோசனைக் கட்டணம் என்றே எழுதுங்கள்.

அந்த அறிக்கை ஒன்றை மேசையில் வைத்துப் பாருங்கள். முதல் பந்தியில் தலைமை நிர்வாகி பெருமகிழ்ச்சி அடைந்திருப்பார். இரண்டாம் பந்தியில் உபதலைவரும் மகிழ்ந்திருப்பார். இலங்கை என்ற பெயர் கடைசிப் பந்தியில் வரும். பக்கத்தில் இடம் போதாவிட்டால் செய்தி ஆசிரியர் அடியிலிருந்துதான் வெட்டுவார். முதலில் போவது இலங்கை. அதைத் தூக்கி மேலே வைப்பது யார்? நீங்கள். எந்த மாவட்டம், எத்தனை பேருக்கு வேலை, படத்தில் இடமிருந்து வலமாக நிற்பவர்கள் யார் என்று தொலைபேசியில் துருவி எடுப்பதும் நீங்கள். கொழும்பு வீரகேசரிக்குப் போடும் தலைப்பை யாழ்ப்பாணத்து உதயனுக்கு அப்படியே அனுப்பினால் எடுபடாது. “லண்டன் நேரம் காலை 9 வரை வெளியிட வேண்டாம்” என்று மேலே எழுதியிருப்பார்கள். குளிர்காலத்தில் அது இங்கே பிற்பகல் 2.30, கோடையில் 1.30. அந்த ஒரு மணித்தியாலத்தைக் கவனிப்பதும் உங்கள் வேலைதான்.

ஒருமுறை ஐரோப்பியக் கூட்டாளி ஒருவர் வைன் அறிமுக விழாவுக்கு நாள் குறித்து அனுப்பினார். பார்த்தால் போயா தினம், அதாவது பௌர்ணமி விடுமுறை. அன்று இங்கே மது விற்கவே முடியாது. “சரி, மறுநாள் வைப்போமா?” என்றார். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி மதுவுக்கு விளம்பரமே கூடாது, அனுசரணையும் கூடாது. நாளை மாற்றி என்ன பயன்? எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று இரண்டு பக்கத்தில் எழுதி அனுப்பினேன். கூடவே பில்லும் அனுப்பினேன். மறுபேச்சில்லாமல் கட்டினார். அவர் அதுவரை என்னிடம் வாங்கிய எல்லா மொழிமாற்றத்தையும்விட அந்த இரண்டு பக்கத்துக்கு விலை அதிகம். உங்களிடம் லண்டன்காரருக்கு உண்மையில் வேண்டியது அதுதான். அதைக் கேட்க வேண்டும் என்றே அவருக்கு இன்னும் தெரியவில்லை.

வந்த செய்திகளின் நீள அகலத்தை அளந்து, விளம்பரக் கட்டணத்தால் பெருக்கி, “இவ்வளவு இலட்சம் பெறுமதி” என்று அறிக்கை கொடுப்பது எங்கள் வழக்கம். வெளிநாட்டுக் கூட்டாளி அதை ஏற்க மாட்டேன் என்கிறார். ஏன்?
— வாசகர், கொட்டாஞ்சேனை

அவர் சொல்வது நியாயம். 2010 இல் பார்சிலோனாவில் இந்தத் துறையினர் கூடி வகுத்த கோட்பாடுகளிலேயே, விளம்பரக் கட்டணக் கணக்கு மக்கள் தொடர்பின் பெறுமதி ஆகாது என்று சொல்லியாயிற்று. செய்தி வந்தபின் கடைக்கு எத்தனை பேர் விசாரித்து வந்தார்கள், வாடிக்கையாளர் சொல்ல நினைத்தது செய்தியில் இருந்ததா என்று எழுதுங்கள். உள்ளூர் முதலாளிமார் அந்த இலட்சக் கணக்கைத்தான் கேட்பார்கள், தெரியும். அவர்களுக்கு இரண்டையும் சில காலம் கொடுத்துப் பழக்குங்கள்.

வெளிநாட்டுக் கூட்டாளியின் பெயரை எங்கள் பெயரோடு சேர்த்துப் பலகையில் போட அனுமதி கிடைத்திருக்கிறது. போடலாமா?
— வாசகர், யூனியன் பிளேஸ்

அவசரப்படாதீர்கள். லண்டனில் பெல் பொட்டிஞ்சர் என்று ஒரு பெரிய நிறுவனம் இருந்தது. தென்னாபிரிக்காவில் இனப்பகையைக் கிளறும் பிரசாரம் செய்ததாக 2017 செப்டெம்பரில் பிரித்தானிய மக்கள் தொடர்பு நிறுவனங்களின் சங்கமான பி.ஆர்.சி.ஏ. அதை வெளியேற்றியது. அதே மாதத்தில் நிறுவனமே படுத்துவிட்டது. வேறு நாடுகளில் அந்தப் பெயரைச் சுமந்து நின்றவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். உங்கள் பெயரைப் பெரிதாகப் போடுங்கள். அவர்கள் பெயர் கீழே, தனித் தகட்டில் இருக்கட்டும். காரணம் சொல்லாமலே 30 நாளில் அதைக் கழற்றலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள். தகட்டுக்கு நாலு ஸ்க்ரூ போதும், ஒட்ட வேண்டாம்.