கொடைக்கானல் வீட்டை விற்று பினாங்கில் குடியேறலாமா?

கேள்வி: எனக்கு 63 வயது, மனைவிக்கு 60. பொதுத்துறை வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். பென்ஷன் மாதம் 52,000 ரூபாய். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம், வங்கி டெபாசிட்டில் 25 லட்சம் இருக்கிறது. அமைதியாக இருக்கலாம் என்று கொடைக்கானலில் வாங்கிய வீடு இன்று 1.5 கோடிக்குப் போகும். ஆனால் சனி, ஞாயிறு வந்தால் வாசலிலிருந்து வண்டியை எடுக்க முடிவதில்லை. 2024-ல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் அனுமதிச் சீட்டு வந்த பிறகும் எங்கள் தெருவில் பெரிய மாற்றம் இல்லை. மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். இரண்டு முறை பினாங்கு போய் வந்தோம், மிகவும் பிடித்துவிட்டது. வீட்டை விற்று அங்கேயே குடியேறலாமா?

பதில்: விற்காதீர்கள் ஐயா. உங்கள் சலிப்பு எனக்கு நன்றாகப் புரிகிறது. போகவே வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். விற்றுவிட்டுப் போவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

முதலில் கணக்கு. பினாங்கு இருக்கும் மலேசியாவில் நீண்ட காலம் தங்க ‘மலேசியா மை செகண்ட் ஹோம்’ திட்டம் இருக்கிறது. 2024-ல் விதிகளை மாற்றினார்கள். அதன்படி சில்வர் பிரிவுக்கே 1,50,000 அமெரிக்க டாலர் அங்குள்ள வங்கியில் டெபாசிட் போட வேண்டும். அதோடு குறைந்தது 6 லட்சம் ரிங்கிட்டுக்கு வீடு வாங்க வேண்டும், அந்த வீட்டை 10 வருடத்துக்கு விற்கக் கூடாது. டாலர் 88 ரூபாய், ரிங்கிட் 21 ரூபாய் என்று வைத்தால் டெபாசிட் 1.32 கோடி, வீடு 1.26 கோடி. மொத்தம் 2.58 கோடி. உங்களிடம் உள்ள எல்லாவற்றையும் திரட்டினாலும் 2.05 கோடிதான் வருகிறது. அதிலும் வீடு விற்ற லாபத்துக்கு வரி போகும்.

பணம் அனுப்புவதிலும் ஒரு சிக்கல். ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம், அது பிரச்னை இல்லை. ஆனால் இப்படிப்பட்ட காரணத்துக்கு அனுப்பும்போது 10 லட்சத்துக்கு மேல் போகும் தொகையில் வங்கி 20 சதவீதத்தை முன்கூட்டிய வரியாக (டி.சி.எஸ்.) பிடித்துவிடும். 1.32 கோடியை ஒரே பெயரில் அனுப்பினால் 24.4 லட்சம். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம்தான். அதுவரை அந்தத் தொகையையும் நீங்கள் கையிலிருந்து போட வேண்டும்.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் ஏஜென்ட்கள் ஃபாரஸ்ட் சிட்டி என்ற புது நகரத்தைக் காட்டுவார்கள். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் இருக்கிறது. அதே திட்டத்தில் இந்த இடத்துக்கென்று உள்ள தனிப் பிரிவில் 50 வயது தாண்டியவர்களுக்கு டெபாசிட் 32,000 டாலர் போதும், மகளும் பக்கத்தில். ஆசை வரும். ஆனால் அங்கேதான் வீடு வாங்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆள் வராத அடுக்குமாடிகள் நிறைந்த இடம் அது. கூட்டம் இல்லை என்பது உண்மைதான், ஆனால் நாளைக்கு உங்கள் வீட்டை வாங்கவும் ஆள் வேண்டும். உங்கள் வயதில் நான் அதைத் தொடச் சொல்ல மாட்டேன்.

பணம் ஒருபுறம் இருக்கட்டும். நீங்கள் ஓடுவது சுற்றுலாக் கூட்டத்தை விட்டு. பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுன் 2008-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறிய ஊர். சுவர் ஓவியங்களுக்கு முன்னால் படம் எடுக்க வரிசை நிற்கிறது. பத்து ஃபெரிங்கி கடற்கரையோ முழுக்க ஹோட்டல்கள். இரண்டு முறையும் நீங்களே சுற்றுலாப் பயணியாகப் போனதால் அது உறுத்தவில்லை. அங்கேயே குடியிருந்தால் நம் கொடைக்கானல் ஏரி ரோட்டில் வரும் அதே எரிச்சல்தான் வரும்.

நான் சொல்ல நினைப்பது தைப்பிங். பினாங்கிலிருந்து தெற்கே, பேராக் மாநிலத்தில், கோலாலம்பூரிலிருந்து ரயிலிலேயே போய்விடலாம். மலேசியாவின் முதல் ரயில் பாதை 1885-ல் இங்கிருந்துதான் ஓடியது. ஈயச் சுரங்கம் போட்டுத் தோண்டிய பள்ளங்கள்தான் இன்று ஏரித் தோட்டம். கரையோரத் தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைத் தாண்டிக் கிளையை நீட்டித் தண்ணீரைத் தொடும். அங்கே ஒரு வாரம் இருந்தேன். தினமும் மூன்று மணிக்கு மேல் வானம் கறுத்துவிடும். ஒரு நாள் மழைக்கு ஒதுங்கிய கடையில், தே தாரிக் என்னும் பால் டீயை ஆற்றிக்கொண்டிருந்த அம்மா, “குடை இல்லாம தைப்பிங்குக்கு வந்தீங்களா?” என்று தமிழில் கேட்டார். உங்கள் மனைவி பேச்சுத்துணைக்கு ஏங்க வேண்டியதில்லை என்று அப்போது தோன்றியது. தாய்லாந்தில் 8 லட்சம் பாத் வங்கியில் காட்டினால் ஓய்வூதியர் விசா கிடைக்கிறது, செலவு மிகக் குறைவு. இந்தப் பேச்சுத்துணையை நினைத்துத்தான் அதை உங்களுக்கு முதலில் சொல்லவில்லை.

ஆகவே நான் போட்டுத் தரும் திட்டம் இது. இப்போதைய சலுகைப்படி இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் மலேசியாவில் தங்கலாம். டிக்கெட் எடுக்கும் முன் சலுகை நீடிக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கொடைக்கானல் சீசன் உச்சத்தில் இருக்கும் ஏப்ரல் கடைசியில் கிளம்பி, மலர்க் கண்காட்சிக் கூட்டம் ஓய்ந்ததும் திரும்புங்கள். மழை பொழியும் அக்டோபரில் இன்னொரு மாதம். ஹோட்டல் வேண்டாம், சமையலறை உள்ள வாடகை வீடு. ஒரு பயணத்துக்கு 2.5 லட்சம் ஒதுக்குங்கள், டெபாசிட்டிலிருந்து எடுங்கள். மூத்த குடிமக்கள் திட்டத்தில் உள்ள 30 லட்சத்தைத் தொடாதீர்கள். அது இன்றைய 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் தருகிறது.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. வருடத்தில் இரண்டு மாதம் வெளியே இருந்தால் நீங்கள் இந்தியாவில் வசிப்பவராகவே தொடர்வீர்கள். நிரந்தரமாகக் குடியேறினால் வங்கிச் சேமிப்புக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும், சேமிப்புத் திட்டத்தில் புதிதாகச் சேர முடியாது. வெளிநாடுவாழ் இந்தியராக வீட்டை விற்றாலோ வாங்குபவர் விலையிலிருந்து பிடிக்கும் வரி (டி.டி.எஸ்.) வெறும் 1 சதவீதம் அல்ல, பல மடங்கு. இரண்டு மூன்று வருடம் போய் வந்த பிறகும் மனது அங்கேயே நின்றால், இந்தியாவில் வசிக்கும்போதே விற்பதைப் பற்றிப் பேசலாம்.

மருத்துவத்தை மட்டும் அசட்டையாக விடாதீர்கள். இங்குள்ள மெடிக்ளெய்ம் பெரும்பாலும் அங்கே செல்லாது. பயணக் காப்பீடு எடுக்கும்போது உங்கள் இருவரில் யாருக்காவது சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் எதையும் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் க்ளெய்ம் நேரத்தில் அதையே காட்டி மறுப்பார்கள். மாத்திரைகளை 45 நாளுக்குச் சேர்த்து, டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள், செக்-இன் பெட்டியில் போட வேண்டாம்.