பின் சீட்டு பெல்ட்டும் விபத்துக்குப் பிந்தைய பத்து நிமிடமும்: வாசகர் கேள்விகள்

மோதல் நடந்தவுடன் முதலில் செய்ய வேண்டியது என்ன?

எஞ்சினை அணைத்து அபாய விளக்கைப் போடுங்கள். உள்ளே இருப்பவர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். பிறகு உதவி எண்ணை அழையுங்கள். கதவைத் திறக்கும் முன் பின்னால் என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும். முதல் மோதலில் தப்பித்தவர் இறங்கி நின்ற இடத்தில் அடுத்த வண்டியில் அடிபடுவது அரிதல்ல.

எவ்வளவோ பணம் கொடுத்து வாங்கிய கார். இடித்தபோது ஏர்பேக் விரியவே இல்லை. ஏமாற்றிவிட்டார்களா?

எந்தப் பக்கம் இடித்தது, என்ன வேகம், பெல்ட் போட்டிருந்தீர்களா என்று ஒரு வரிகூட எழுதாமல் தீர்ப்பு கேட்கிறீர்கள். முன் ஏர்பேக் முன்பக்கத்தில் பலமாக மோதினால் விரிவதற்காக வைத்தது. பின்னாலிருந்து இடித்தாலோ மெதுவாக உரசினாலோ விரியாது, விரியவும் கூடாது. விரிந்தால் கண் இமைப்பதைவிட வேகமாக விரியும். ஸ்டியரிங்கை ஒட்டி உட்காருபவரை அதுவே காயப்படுத்தும். நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே ஒரு 25 செ.மீ. இருக்கட்டும்.

பின் சீட்டில் பெல்ட் அவசியமா? குழந்தையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் போதாதா? பெல்ட் போடாவிட்டால் கத்தும் அலாரம் தொந்தரவு என்று, அதை நிறுத்த பெல்ட் கொக்கியில் ஒரு கிளிப் வாங்கி மாட்டியிருக்கிறோம்.

ஒரே கடிதத்தில் மூன்று தவறு. இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை, அதனால் கணக்கோடு சொல்கிறேன்.

மணிக்கு 50 கி.மீ. வேகம் என்பது நொடிக்குச் சுமார் 14 மீட்டர். பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியிலிருந்து விழுபவர் தரையைத் தொடும் வேகமும் அதுதான். மோதும்போது கார் அரை மீட்டர் நசுங்கி நின்றால், உள்ளே இருப்பவர் தாங்க வேண்டிய விசை உடல் எடையைப் போல ஏறக்குறைய இருபது மடங்கு. பத்துக் கிலோ குழந்தை அந்தக் கணத்தில் இருநூறு கிலோவாக இழுக்கும். எந்தத் தாயின் கையும் அதைப் பிடித்து நிறுத்தாது. பாசம் குறைவு என்பதல்ல, தசைக்கு அந்த வலு கிடையாது. தாயும் பெல்ட் போடாமல் இருந்தால் அவர் உடலே குழந்தையை முன் சீட்டோடு சேர்த்து நசுக்கும்.

பின்னால் இருப்பவர் பெல்ட் போடாவிட்டால் ஆபத்து அவருக்கு மட்டுமல்ல. அவர் பறந்து வந்து மோதுவது முன் சீட்டின் முதுகில். பெல்ட் போட்டு ஒழுங்காக உட்கார்ந்திருந்த ஓட்டுநர் அந்த இடியில் சாகலாம். 'சிட்டிக்குள்ளேதானே போகிறோம்' என்பவர்களுக்கும் இதே கணக்குதான், 50 கி.மீ. சிட்டி வேகம்.

தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனை பெல்ட்டை 1959-ல் வால்வோ கார் நிறுவனத்தின் பொறியாளர் நீல்ஸ் போலின் வடிவமைத்தார். வால்வோ அந்தக் காப்புரிமையை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தத் திறந்துவிட்டது. அத்தனை பேர் உயிரையும் மனதில் வைத்துத் திறந்துவிட்ட ஒன்றை, அலாரம் காதைக் குடைகிறது என்று ஒரு தகரத் துண்டைச் செருகி ஏமாற்றுகிறோம். எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. அந்தக் கிளிப்பை இன்றே எறியுங்கள். குழந்தைக்கு அதன் எடைக்கும் உயரத்துக்கும் ஏற்ற தனி இருக்கை வாங்குங்கள். கைக்குழந்தை என்றால் பின்னோக்கிப் பார்க்கும் இருக்கை. வேலை செய்யும் ஏர்பேக் உள்ள முன் சீட்டில் அதை வைக்கவே கூடாது.

விபத்தில் சிக்கிய குழந்தை இருக்கையைத் திரும்பப் பயன்படுத்தலாமா?

பலமான மோதல் என்றால் வேண்டாம். விரிசல் கண்ணுக்குத் தெரியாது. எங்கே என்ன பட்டது என்று தெரியாத பழைய இருக்கையையும் வாங்காதீர்கள்.

அடிபட்டவர் தண்ணீர் கேட்டார், கொடுத்தோம். தவறா?

கொடுக்காதீர்கள். மயங்கினால் மூச்சுக்குழலில் இறங்கும், அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் சிக்கலாகும். தீயோ, வெள்ளமோ, மறுபடி மோதும் ஆபத்தோ இல்லாவிட்டால் அவரைக் காரிலிருந்து இழுக்கவும் வேண்டாம். கழுத்தில் அடி இருக்கலாம். ரத்தம் வழிந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலேயே இன்னொன்றை வையுங்கள்.

அன்று ஒன்றும் இல்லை. மறுநாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

பின்னாலிருந்து இடி வாங்கியவர்களுக்கு இது வழக்கம். வலி ஓரிரு நாள் கழித்துத் தலைகாட்டும். மருத்துவரிடம் காட்டுங்கள். கை மரத்தாலோ, வாந்தி, குழப்பம், தாங்க முடியாத தலைவலி இருந்தாலோ மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். தலைச்சாய்வின், அதாவது சீட்டின் மேலே தலைக்குப் பின்னால் இருக்கும் மெத்தையின், மேல் விளிம்பை உச்சந்தலை உயரத்துக்குத் தூக்கி வைத்திருந்தால் இது பெரிதும் குறையும். பல கார்களில் அது கீழே இறக்கியபடியேதான் கிடக்கிறது.

வண்டியில் என்னென்ன வைத்திருக்கலாம்?

எச்சரிக்கை முக்கோணம், டார்ச், கையுறை, முதலுதவிப் பை, காகிதமும் பேனாவும். ஒளிரும் மேல்சட்டையை டிக்கியில் வைக்காமல் உட்கார்ந்த இடத்திலேயே கைக்கு எட்டும்படி வையுங்கள். டிக்கியில் இருந்தால் அதை எடுக்கப் போகும் வழியில்தான் ஆபத்து. மறுபடி சொல்கிறேன், பின்னால் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

கார் தண்ணீரில் விழுந்தால்?

போனைத் தேடாதீர்கள். பெல்ட்டைக் கழற்றி, ஜன்னலை இறக்கி, முதலில் குழந்தைகள், பிறகு நீங்கள். உங்களுக்கு இருப்பது ஏறக்குறைய ஒரு நிமிடம். தண்ணீர் ஏறிவிட்டால் கதவு திறக்காது. உடைப்பதானால் பக்கக் கண்ணாடியின் மூலையில் அடியுங்கள். முன் கண்ணாடி நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்தது, உடைந்து வழிவிடாது. சில கார்களில் பக்கக் கண்ணாடியும் அப்படித்தான். உங்களுடையது எது என்று இன்றே பார்த்துவையுங்கள்.

காரின் முன்புறம் சாலையைப் படமெடுக்கும் டேஷ்கேம் கேமராவின் பதிவு காணாமல் போய்விட்டது.

இடம் நிரம்பினால் பழையதன் மேல் புதியது பதியும். விபத்து நடந்த அன்றே மெமரி கார்டைக் கழற்றி வையுங்கள்.