விமானத்துக்கு ஸ்டார்ட்-அப் கிடைத்தால் நகரலாமா?

ராயபுரம் நண்பரே, பைலட்டும் தரையில் உள்ள கன்ட்ரோலரும் (விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துபவர்) ரேடியோவில் பேசும் முறைக்கான ரேடியோ டெலிபோனி தேர்வுக்குப் படிக்கிறீர்கள், ஸ்டார்ட்-அப் அனுமதி (இன்ஜினைக் கிளப்ப அனுமதி) வந்ததும் புஷ்பேக் (நிற்கும் இடத்திலிருந்து விமானத்தைப் பின்னால் தள்ளுவது) செய்யலாமா, பின்னால் ஆள் நின்றால் கன்ட்ரோலர்தானே பொறுப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்குமே என் பதில், 'இல்லை' என்பதுதான்.

ஸ்டார்ட்-அப் அனுமதி முக்கியமாக நேரம் சம்பந்தப்பட்டது. நம்ம எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குள் போக கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நின்று டீசலைக் கரைப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே கூத்து ஓடுபாதை முனையில் நடக்கக் கூடாது என்றுதான் விமானத்தை நிற்கும் இடத்திலேயே இன்ஜினை அணைத்து வைத்திருக்கச் சொல்கிறார்கள். அதனால்தான் தாமதம் இருந்தால் 'அப்ரூவ்டு' என்று வராமல் 'ஸ்டார்ட் அப் அட் 35' என்று வரும், அதாவது அந்த மணியின் 35ஆவது நிமிடம், கணக்கு யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில், நம்ம நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் (தேர்வில் பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்). சேருமிடத்திலோ வழியிலோ நெரிசல் இருந்து புறப்பட ஸ்லாட் (குறித்த நேரம்) கொடுத்திருந்தால் அதற்கேற்ப இதுவும் தள்ளிப்போகும்.

புஷ்பேக், டாக்ஸி (தரையில் ஓட்டிச் செல்வது), டேக்-ஆஃப் எல்லாம் தனித்தனி அனுமதி. புஷ்பேக்கையும் ஸ்டார்ட்-அப்பையும் சில சமயம் ஒரே மூச்சில் தருவார்கள், அப்போதும் இரண்டு சொல்லும் காதில் விழுந்திருக்க வேண்டும்.

அப்புறம், இன்ஜினுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பது கன்ட்ரோலர் இருக்கும் டவரில் இருந்து சரியாகத் தெரியாது. அதை ஹெட்செட் போட்டுக் கீழே நிற்கும் தரைப் பணியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும், சரி என்று அவர் சொன்ன பிறகுதான் பைலட் இன்ஜினைக் கிளப்பலாம்.