டிவி செய்தித் துறைக்கு மகளை அனுப்பலாமா? கோவில்பட்டித் தந்தைக்கு ஒரு பதில்

ஐயா, வணக்கம். பிளஸ் டூ முடித்த மகள் விஸ்காம் என்கிற காட்சித் தொடர்பியல் படித்து டிவி செய்தித் துறைக்குத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், இன்ஜினியரிங் கிடைக்கிற மார்க்கை வைத்துக்கொண்டு இப்படிச் சொல்கிறாளே என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறே மாதத்தில் நியூஸ் ரீடர் ஆக்கிக் காட்டுகிறோம் என்று ஒரு பயிற்சி மையம் பெரிய தொகை கேட்பதாகவும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். முதல் கேள்விக்கான பதில் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிவி செய்தி என்றதும் உங்களுக்கும் மகளுக்கும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு முகம்தான் நினைவுக்கு வருகிறது. நம் தலைமுறைக்கு அந்தப் பழக்கத்தைக் கொடுத்தது சென்னைத் தொலைக்காட்சி நிலையம். 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. ஷோபனா ரவி, வரதராஜன், பாத்திமா பாபு என்று செய்தி வாசித்தவர்கள் பெயர் வீட்டுக்கு வீடு தெரியும். அந்தச் செய்தியை எழுதியவர் யார், படம் பிடித்தவர் யார், எது முதலில் வரவேண்டும் என்று வரிசை போட்டவர் யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. இத்தனைக்கும் அன்று வாசித்தவர்களில் பலருக்கு அது முழுநேர வேலைகூட இல்லை. அழைத்த நாளில் போய் வாசித்துவிட்டு வருவார்கள், அன்றைக்கு உரியது கிடைக்கும். நிலையத்தை நடத்தியது திரைக்குப் பின்னால் இருந்த கூட்டம். இன்றைக்கும் அப்படித்தான்.

இந்த நிலையத்தின் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அதில் இருக்கிறது. ஆரம்ப காலத்தில் செய்திப் படம் 16 மி.மீ. பிலிமில் எடுக்கப்பட்டது. படம் எடுத்து, லேபில் கழுவி, வெட்டி ஒட்டிய பிறகுதான் ஒளிபரப்பு. அப்புறம் வீடியோ நாடா வந்தது, பிலிம் கழுவியவர்களின் வேலை போயிற்று. 1982-ல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ணம் வந்தது, செயற்கைக்கோள் வழியாக டெல்லி நிகழ்ச்சி நாடு முழுக்கப் போயிற்று. உங்கள் பக்கத்துக்கே வருவோம். சென்னை நிகழ்ச்சி ஒழுங்காகத் தெரியாத காலத்தில் ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்பி இலங்கையின் ரூபவாஹினியைப் பார்த்த ஊர்கள் தூத்துக்குடிப் பகுதியில் நிறைய. கொடைக்கானல் மலை மேல் டிரான்ஸ்மிட்டர் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. அந்த வகை அனலாக் டிரான்ஸ்மிட்டர்களை நாடெங்கும் கிட்டத்தட்ட முழுவதுமாக மூடிவிட்டார்கள். அதை நம்பி இருந்த தொழில்நுட்பப் பணிகளும் அதோடு போயின.

1993 ஏப்ரல் 14-ல் சன் டிவி வந்தது. 2000-க்குப் பிறகு 24 மணி நேரச் செய்தி, 2011-ல் புதிய தலைமுறை, அடுத்த ஆண்டே தந்தி டிவி, 2014-ல் நியூஸ் 7 தமிழ் என்று வரிசை கட்டின. சென்னைத் தூர்தர்ஷனும் சும்மா இருக்கவில்லை. இடையில் பொதிகை ஆனது, 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆனது. நேரலைக்கு ஒரு காலத்தில் குடை மாதிரி ஆன்டெனா வைத்த ஓபி வேன் என்கிற வெளிப்புற ஒளிபரப்பு வண்டி வேண்டும். இப்போது முதுகில் மாட்டும் ஒரு பையில் நாலைந்து சிம் கார்டு போட்டு அனுப்பிவிடுகிறார்கள்.

இந்த ஐம்பது வருடத்தில் கருவியை மட்டும் நம்பி இருந்தவர்கள் ஒவ்வொரு மாற்றத்திலும் அடிபட்டிருக்கிறார்கள். எது செய்தி என்று பார்த்து, விசாரித்து, சரிபார்த்து, காதுக்குப் புரியும் தமிழில் நாலு வரி எழுதத் தெரிந்தவருக்கு எல்லா மாற்றத்திலும் இடம் இருந்தது. உங்கள் மகள் எதைக் கற்க வேண்டும் என்பதை நான் இதிலிருந்துதான் முடிவு செய்கிறேன்.

ஒரு செய்தி எப்படி உருவாகிறது என்று பாருங்கள். காலை ஆறு மணி. கோவில்பட்டிக்கும் சாத்தூருக்கும் நடுவில் நாலுவழிச் சாலையில் ஓர் ஆம்னி பஸ், நின்றிருந்த லாரியில் மோதிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உள்ளூர் நிருபர், பெரும்பாலும் ஸ்டிரிங்கர் என்கிற பகுதிநேரக்காரர், மாவட்ட வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போடுகிறார். சென்னையில், வரும் செய்திகளை வாங்கும் இன்புட் டெஸ்க்கில் இருப்பவர் உடனே போனைப் போடுகிறார். எத்தனை பேர் இறந்தார்கள்? பார்த்தவர் ஐந்து என்கிறார், ஆஸ்பத்திரியில் இரண்டு என்கிறார்கள், போலீஸ் இன்னும் வாய் திறக்கவில்லை. பக்கத்து சேனல் ஐந்து என்று பிரேக்கிங் போட்டுவிட்டது. நம் சேனல் என்ன போடுவது? அந்த இரண்டு நிமிஷத்தில் டெஸ்க்கில் இருக்கிற ஆள் யார் என்பதுதான் அந்தச் சேனலின் தரம். நல்ல ஆள் "பேருந்து விபத்து, பலர் காயம்" என்று மட்டும் ஓடவிட்டு அடுத்த போனுக்குப் போவார்.

அதற்குள் காட்சிகள் வந்து சேர்கின்றன. எடிட்டர், முகம் சிதைந்த உடல்களை மறைக்கிறார். ஒளிபரப்புக்குச் செய்தி தயாரிக்கும் அவுட்புட் டெஸ்க்கில் ஒருவர் ஸ்கிரிப்ட் எழுதுகிறார். பத்திரிகைக்கு எழுதிப் பழகியவர் என்றால், "கோவில்பட்டி அருகே தேசிய நெடுஞ்சாலையில் பழுதாகி நின்றுகொண்டிருந்த லாரியின் பின்பகுதியில் சென்னையிலிருந்து நாகர்கோவில் நோக்கி அதிவேகமாக வந்த தனியார் ஆம்னி பேருந்து மோதிய விபத்தில்" என்று ஆரம்பிப்பார். வாசிப்பவருக்கு மூச்சு முட்டும், கேட்பவர் லாரி மோதியதா பஸ் மோதியதா என்று யோசித்து முடிப்பதற்குள் அடுத்த செய்தி வந்துவிடும். டிவிக்கு எழுதத் தெரிந்தவர், "கோவில்பட்டி அருகே ஆம்னி பேருந்து, நின்றிருந்த லாரி மீது மோதியது. இரண்டு பேர் உயிரிழந்தனர்" என்று வெட்டுவார். மீதியைப் படம் சொல்லும். அப்புறம் திரையின் கீழே ஓடும் ஸ்க்ரோல், பக்கத்தில் கிராபிக்ஸ், ஆட்சியரின் பைட் என்கிற பேச்சுத் துண்டு, பின்னணிக் குரல் கொடுப்பவர், எந்தச் செய்திக்குப் பின் எந்தச் செய்தி என்ற ரன்டவுன். பிசிஆர் என்கிற கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து வாசிப்பாளரின் காதில் "அடுத்து நிருபர் போனில் இருக்கிறார்" என்று சொல்லும் பேனல் புரொட்யூசர். எட்டு மணிச் செய்தியில் இதற்குக் கிடைப்பது 40 நொடி. திரையில் தெரிகிற முகம் ஒன்று, மற்றவர்களை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். வேலை வாய்ப்பும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

சரி, என்ன படிக்க வைப்பது? மகளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கேமரா, எடிட்டிங் பிடிக்குமா, விசாரித்து எழுதப் பிடிக்குமா? முதலாவது என்றால் விஸ்காம் சரிதான். ஆனால் கல்லூரியில் சேர்க்கும் முன் ஸ்டுடியோவைப் போய்ப் பாருங்கள். பூட்டிய கதவுக்குப் பின்னால் ஒரு கேமராவை வைத்துக்கொண்டு மூன்று வருடம் ஓட்டுகிற கல்லூரிகள் உண்டு. சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிப்பதிவுப் பட்டப் படிப்புகள் இருக்கின்றன. அரசு நிறுவனம், செலவும் கட்டுக்குள் இருக்கும். பட்டம் முடித்த பிறகு என்றால் புனே திரைப்படக் கல்லூரியின் தொலைக்காட்சிப் பிரிவில் ஓராண்டுப் படிப்புகள் உண்டு.

இரண்டாவது என்றால் என் யோசனை வேறு. முதல் பட்டத்துக்கு விஸ்காம் கட்டாயமில்லை. பொருளாதாரம், அரசியல் அறிவியல், சட்டம், தமிழ் இலக்கியம் எதுவானாலும் ஊன்றிப் படிக்கட்டும். பட்ஜெட் அன்றைக்கு வருவாய்ப் பற்றாக்குறைக்கும் நிதிப் பற்றாக்குறைக்கும் வித்தியாசம் தெரிந்த ஆள் நியூஸ் ரூமில் எளிதில் கிடைப்பதில்லை. அதன்பிறகு இதழியலில் மேற்படிப்பு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதழியல் துறை இருக்கிறது, உங்களுக்குப் பக்கத்தில் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலேயே தொடர்பியல் துறை இருக்கிறது. சென்னை ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தின் முதுநிலைப் பட்டயம் நல்ல பெயர் பெற்றது, கட்டணம் அதிகம். உதவித்தொகை பற்றி விசாரித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

எதைப் படித்தாலும் விடுமுறையில் உங்கள் வட்டாரத்திலுள்ள கேபிள் சேனலில் இன்டர்ன்ஷிப் கேட்கச் சொல்லுங்கள். உள்ளூர் சேனல் என்று முகம் சுளிக்க வேண்டாம். பாலிமர் டிவி சேலம் பக்கத்தில் கேபிள் சேனலாக ஆரம்பித்ததுதான். சென்னையில் பெரிய சேனலுக்கு இன்டர்னாகப் போனால் ஒரு மூலையில் உட்காரவைத்து யூடியூப் தலைப்பு அடிக்கச் சொல்வார்கள். உள்ளூரில் ஆள் கிடையாது, அதனால் காலையில் நகராட்சிக் கூட்டத்துக்குப் போய், மதியம் எழுதி, சாயங்காலம் அவளே வெட்டி, சமயத்தில் அவளே வாசிக்கவும் வேண்டிவரும்.

உள்ளூர் அறிவுக்கு என்ன மதிப்பு என்பதை 2023 டிசம்பர் 17, 18-ல் நீங்களே பார்த்திருப்பீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை, ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோனது, சாலைகள் துண்டாகின. சென்னையிலிருந்து கிளம்பிய குழு வந்து சேரும் வரை உலகத்துக்குப் படம் கொடுத்தவர்கள் அங்கேயே இருந்த நிருபர்களும் ஊர்க்காரர்களும்தான். எந்தக் குளம் உடைந்தால் எந்த ஊருக்குத் தண்ணீர் போகும் என்று தெரிந்தவருக்கு அன்றைக்கு இருந்த மதிப்பு எந்த டிகிரிக்கும் இல்லை.

பயத்துக்கும் காரணம் இருக்கிறது, மறைக்கமாட்டேன். தொடக்கச் சம்பளம் குறைவு, ஐடி கம்பெனியோடு ஒப்பிட்டால் மனம் உடைந்துபோகும். தீபாவளி, பொங்கல் அன்று டூட்டி போடுவார்கள், தேர்தல் வந்தால் வார விடுமுறை போய்விடும். ஸ்டிரிங்கர்களுக்குப் பெரும்பாலும் ஒளிபரப்பான செய்திக்கு இவ்வளவு என்றுதான் பணம். சம்பளம் மாதக்கணக்கில் தாமதமாகும் சேனல்களும் உண்டு. ஆகவே வேலையில் சேரும்போது நியமனக் கடிதமும் பி.எஃப். பிடித்தமும் இருக்கிறதா, இரவு ஷிப்ட் முடிந்தால் வீடுவரை வண்டி உண்டா என்று அவளே வாய்விட்டுக் கேட்கட்டும். 1955-ல் வந்த உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் அச்சு இதழ்களுக்கானதாக இருந்தது. 2020-ல் கொண்டுவந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புதான் மின்னணு ஊடகத்தாரையும் அந்த வரையறைக்குள் சேர்த்தது. அதையும் அவள் படித்து வைத்திருக்க வேண்டும்.

அரசு வேலை என்று உங்கள் மனம் அடித்துக்கொள்வது தெரிகிறது. எந்தப் பட்டம் படித்தவரும் சிவில் சர்வீஸ் தேர்வு எழுதி இந்தியத் தகவல் பணிக்கு வரலாம், தூர்தர்ஷன், வானொலிச் செய்திப் பிரிவுகளை நடத்துவது அந்தப் பணியைச் சேர்ந்த அதிகாரிகள்தான். அது தவிர, தூர்தர்ஷனின் பிராந்தியச் செய்திப் பிரிவு எழுத்துத் தேர்வும் குரல் தேர்வும் வைத்து வாசிப்பாளர், செய்தி ஆசிரியர், வீடியோ எடிட்டர் என்று தற்காலிகப் பட்டியல் தயாரிக்கும். இது நிரந்தர வேலை ஆகாது, அழைக்கும் நாளுக்குத்தான் ஊதியம். பயிற்சிக்கு மிக நல்ல இடம்.

இன்ஜினியரிங் ஆசையை நீங்கள் முழுக்க விடவேண்டியதில்லை. ஒளிபரப்பு நிலையத்தில் நிகழ்ச்சிகளை ஒளிபரப்புக்கு அனுப்பும் மாஸ்டர் கன்ட்ரோல் அறையிலும், செயற்கைக்கோளுக்குச் சிக்னல் ஏற்றும் அப்லிங்க் பகுதியிலும் இருப்பவர்களில் பலர் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள். அவளுக்கு அதில் நாட்டம் இருந்தால் கவுன்சிலிங் பதிவைச் செய்து வையுங்கள். நாட்டம் இல்லை என்றால், மார்க் இருக்கிறதே என்பதற்காகத் தள்ளிவிடாதீர்கள்.

இப்போதைக்கு ஒரு மாதம் இதைச் செய்யச் சொல்லுங்கள். தினமும் இரவு எட்டு மணிக்கு இரண்டு சேனல்களின் செய்தியைப் பார்த்து, முதல் ஐந்து தலைப்புகளை எழுதி வைக்க வேண்டும். வரிசை ஏன் மாறியது என்று பக்கத்திலேயே இரண்டு வரி எழுத வேண்டும். அதோடு கோவில்பட்டியில் அன்று நடந்த ஏதாவது ஒன்றை, தீப்பெட்டித் தொழிலோ பஸ் ஸ்டாண்டோ குடிநீரோ, யாரிடமாவது நேரில் கேட்டு 40 நொடிச் செய்தியாக எழுதி, செல்போனில் பதிவு செய்து அவளே கேட்கட்டும். பத்தாம் நாளில் சலித்து விட்டுவிட்டால் உங்களுக்கும் பதில் கிடைத்துவிடும், அவளுக்கும் கிடைத்துவிடும். மாதம் முழுக்கச் செய்தால் அந்த நோட்டோடு ஒரு நாள் அழைத்து வாருங்கள், கல்லூரியை அப்புறம் உட்கார்ந்து பேசலாம்.