இருந்தபடி வைப்பது

அன்புள்ள ஐயா,

புதுச்சேரியில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் இரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். நிரல் முழுவதற்கும் பொதுவான ஓர் அமைப்பை (செட்டிங்கை) என் ஃபங்ஷன் (நிரலுக்குள் ஒரு வேலையைச் செய்யும் சிறு பகுதி) மாற்றிவிட்டு அப்படியே விட்டுவிடுகிறது என்று எங்கள் மூத்தவர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். தேவைப்படுகிறவர்கள் அவரவர் தொடங்கும்போது அமைத்துக்கொள்ளலாமே? ஒவ்வொன்றும் பழையபடி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றால் வேகம் என்ன ஆவது? இதெல்லாம் பழைய காலத்து ஆசாரம் என்றுதான் எனக்குப் படுகிறது. சென்னைக்கு வேலை மாறலாமா என்றும் யோசிக்கிறேன்.

ஒரு வாசகர், லாஸ்பேட்டை

அன்புள்ள தம்பிக்கு,

சென்னையைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். வேகத்தைப் பற்றியும் இப்போது பேச வேண்டாம். உங்கள் கடிதத்தில் அளந்து பார்த்த கணக்கு ஒன்றுகூட இல்லை. ‘ஆசாரம்’ என்ற சொல்தான் சுருக்கென்று தைத்தது. போன வாரம் பரணைத் துடைத்தபோது என் டைப்ரைட்டிங் சான்றிதழ் கிடைத்தது. அன்றிலிருந்து மஞ்சக்குப்பம் நினைப்பாகவே இருக்கிறேன்.

கடலூரில் ஒரு மாடி அறை. பத்து மெஷின்கள். மணிக்கு ஒருவர் என்று ஒரே மெஷினில் நாளெல்லாம் ஆள் மாறும். ஒரு நாள் காலை ஆறு மணிக்கு உட்கார்ந்து தட்டுகிறேன், தாளில் ஓர் எழுத்தும் இல்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பள்ளம் மட்டும் தெரிகிறது. ரிப்பன் காய்ந்துவிட்டது என்று அதைக் கழற்றி, இரண்டு கையும் மையாகி, அரை மணி நேரம் போனது. மாஸ்டர் வந்தார். பக்கவாட்டில் இருந்த சிறு நெம்புகோலை ஒரு விரலால் தள்ளினார். கறுப்பு, சிவப்பு, ஸ்டென்சில் என்று அதற்கு மூன்று நிலை. ஸ்டென்சிலில் வைத்தால் ரிப்பன் மேலே எழும்பாது; நகலெடுப்பதற்கான மெழுகுத் தாளை எழுத்தே நேராக வெட்ட வேண்டும் அல்லவா? முந்தைய நாள் கடைசியாக உட்கார்ந்தவர் ஸ்டென்சில் வெட்டிவிட்டு அப்படியே பஸ்ஸுக்கு ஓடியிருக்கிறார். உங்கள் கட்சிப்படி, ‘தேவைப்படுகிறவர் அமைத்துக்கொள்ளட்டும்’. அப்படி ஒரு நெம்புகோல் இருப்பதே தெரியாதவன் எதை அமைப்பான்?

அதற்குப் பிறகு நான் நல்ல பிள்ளையாகிவிட்டேன். எழுந்திருக்கும் முன் மார்ஜினைப் பாடப் புத்தகத்தில் உள்ளபடி 10-இல் வைத்துவிட்டுத்தான் போவேன். ஒரு நாள் கணக்கு அட்டவணை ஒன்றைத் தட்டிக்கொண்டிருந்த அக்கா, டீ குடிக்கப் போகும்போது தாளை உருவிக்கொண்டு, “பத்து நிமிஷம் நீ தட்டு தம்பி” என்று மெஷினைக் கொடுத்தார். அவர் திரும்பி வந்து தாளைச் செருகித் தட்டினால் பத்திகள் எல்லாம் கோணல். அவர் வைத்திருந்தது 18. மாஸ்டர் என்னைத்தான் பிடித்தார். “உன்னை யார் சரிசெய்யச் சொன்னது? இருந்தபடி வை.”

இந்த வித்தியாசம் எனக்கு அன்று உறைக்கவில்லை. 2003-இல், உங்கள் ஊரிலேயே உறைத்தது.

பிரான்ஸில் இருந்த ஒரு வாடிக்கையாளருக்காக சி மொழியில் பில் அச்சிடும் நிரல் எழுதினோம். தேதியில் மாதப் பெயர் பிரெஞ்சில் வர வேண்டும். தேதி, எண் எல்லாம் எந்த நாட்டு முறையில் என்று நிரல் முழுவதற்கும் தீர்மானிப்பது செட்லோக்கேல். அதற்கான ஃபங்ஷனில் நான் அதைக் கூப்பிட்டு பிரெஞ்சு முறைக்கு மாற்றினேன். நேரப் பிரிவை மட்டும் மாற்றினால் போதும். சோம்பலில் எல்லாப் பிரிவையும் மாற்றினேன். முதல் பில் சரியாக வந்தது. இரண்டாவது பில்லிலிருந்து 12.50 யூரோ பொருள் 12 யூரோ ஆனது. நாங்களோ ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பில் அடித்துத்தான் சோதித்திருந்தோம்! இரண்டு நாள் தேடினோம். கடைசியில் கண்டுபிடித்தவர் சொல்தா வீட்டுப் பெண், அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர் குடும்பம். தாத்தாவுக்கு பிரான்ஸிலிருந்து வரும் பென்ஷன் தாள்களைப் பார்த்து வளர்ந்தவர். “அவர்களுக்குப் பன்னிரண்டரை என்றால் 12,50 அல்லவா? புள்ளியைக் கண்டதும் எண் முடிந்துவிட்டது என்று நம் நிரல் நிறுத்திக்கொள்கிறது” என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஃபங்ஷனின் கடைசி வரியில், நிரல் தொடங்கும்போது இருக்கும் ‘சி’ முறைக்கு மாற்றிவிட்டேன். அதாவது மார்ஜின் 10. மறுநாளே அந்தப் பெண்ணின் மாத அறிக்கை கெட்டது. அவர் வேண்டுமென்றே பிரெஞ்சு முறைக்கு மாற்றிவிட்டு, நடுவில் தேதிக்காக மட்டும் என் ஃபங்ஷனை அழைத்திருந்தார். அழைப்பு முடிந்ததும் அவருடைய தொகைகளில் காற்புள்ளி போய்ப் புள்ளி வந்துவிட்டது. மூன்றாவது முறைதான் பழைய முறையின் பெயரைக் கேட்டு, அதை நகலெடுத்து வைத்துக்கொண்டு, முடிவில் அதையே திருப்பி வைத்தேன். நகலெடுப்பது முக்கியம். செட்லோக்கேல் காட்டும் இடத்தில் அடுத்த அழைப்பு வேறு பெயரை எழுதிவிடலாம்.

ஆசாரம் என்றீர்களே, உங்கள் மடிக்கணினியின் பிராசசரைக் கேளுங்கள். இன்டெல், ஏஎம்டி பிராசசரில் ஓடும் 64 பிட் லினக்ஸில் ஆர்பிஎக்ஸ், ஆர்பிபி, ஆர்12 முதல் ஆர்15 வரையுள்ள ரெஜிஸ்டர்களை (பிராசசருக்குள் எண்களை வைக்கும் சிறு இடங்களை) அழைக்கப்பட்ட ஃபங்ஷன் இருந்தபடி திருப்பிக் கொடுத்தாக வேண்டும். ஆர்ஏஎக்ஸ், ஆர்சிஎக்ஸ் போன்றவை வேண்டுமென்றால் அழைப்பவர்தான் பத்திரப்படுத்திக்கொள்ள வேண்டும். ஆக, உங்கள் கட்சிக்கும் பாதி இடம் உண்டு. ஆனால் எது யார் பொறுப்பு என்று அங்கே முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள். நீங்கள் எங்கே எழுதினீர்கள்?

உங்கள் மூத்தவரும் முழுக்கச் சரியில்லை. பல த்ரெட்கள், அதாவது ஒரே நேரத்தில் பல வேலை ஓட்டங்கள், ஓடும் நிரலில், மாற்றியதற்கும் திருப்பி வைப்பதற்கும் இடையில் இன்னொரு த்ரெட் வந்து படித்துவிடும். பலரும் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் நூலகத்துக்குள் லோக்கேலை (அந்த நாட்டு முறையை) மாற்றுவது தவறு, மாற்றிவிட்டுத் திருப்பி வைப்பதும் ஏறக்குறைய அதே அளவு தவறு என்று பைத்தான் மொழியின் ஆவணமே எச்சரிக்கிறது. வேண்டியதை அழைக்கும்போதே ஃபங்ஷனுக்கு அளவுருவாகக் கொடுத்துவிட்டால் இந்த வழக்கே இல்லை. இதை அவரிடம் பணிவாகச் சொல்லுங்கள். சொல்வதற்கு முன் உங்கள் ஃபங்ஷன் நடுவில் எத்தனை இடத்தில் ரிட்டர்ன் ஆகி வெளியேறுகிறது என்று எண்ணிப் பாருங்கள். பஸ்ஸுக்கு ஓடியவர் அந்த வழிகளில் ஒன்றில்தான் வெளியே போயிருப்பார். எண்ணிக்கையை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்