வீட்டுக்குள் இடமில்லை, சைக்கிளை வெளியில் வைத்துக் கெடாமல் காப்பாற்ற முடியுமா?

சென்னையில் ஒற்றைப் படுக்கையறை வீடு, படிக்கட்டுக்கு அடியில்தான் இடம், நல்ல கவர் ஒன்று வாங்கிப் போட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. கவரைத் தப்பாகப் போட்டால், ஒன்றுமே போடாமல் விட்டதைவிடச் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

பிளாஸ்டிக் தார்ப்பாயைத் தரைவரை இறக்கி, அடியில் இறுகக் கட்டிவிடுகிறார்கள். தரை ஈரம் உள்ளேயே எழும்பும். ராத்திரி குளிர்ந்ததும் தார்ப்பாயின் உள்பக்கம் வேர்த்து, செயின் மேலேயே சொட்டும். கடலோரமான திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பக்கம் என்றால் உப்பு வேறு; அது காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பின் மேல் பிடித்து வைக்கும். ஆகவே கவர் சக்கரத்தின் நடு அச்சோடு நிற்கட்டும், கீழே ஓர் அடி திறந்திருக்கட்டும். நனைந்து வந்த சைக்கிளைத் துடைத்து, காய்ந்த பிறகுதான் மூட வேண்டும்.

படிக்கட்டுக்கு அடியில் என்றால் முதலில் ஏசி தண்ணீர் சொட்டுகிறதா என்று மேலே பாருங்கள். ஈபி மீட்டர் பெட்டிக்குப் போகும் வழியை மறிக்காதீர்கள்.

பலர் கவனிக்காத இடம் சீட் குழாய். அதன் இடுக்கு வழியாக மழைத் தண்ணீர் இறங்கி, பெடல் அச்சில் (இரண்டு பெடல் கைகளையும் இணைத்து ஃப்ரேமின் அடியில் ஓடும் அச்சு) இருக்கும் பேரிங்கில் போய் உட்காரும். பெடல் மிதிக்கும்போது கரகரவென்று சத்தம் வந்தால் பெரும்பாலும் இதுதான். பழைய ட்யூபில் இரண்டு அங்குலத் துண்டு வெட்டுங்கள். சீட்டின் உயரத்தை டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டு உருவி, குழாயில் மெல்லிசாக கிரீஸ் தடவி, ட்யூப் துண்டை மாட்டித் திரும்பச் செருகுங்கள். பிறகு துண்டை இடுக்கு மூடும்படி இழுத்து விட்டால் போதும். (கார்பன் ஃபைபர் ஃப்ரேமோ சீட் குழாயோ வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், கார்பனுக்கு கிரீஸ் கூடாது, அதற்கென்று தனிப் பேஸ்ட் உண்டு.) பெடல் அச்சுக்கு அடியில் சில ஃப்ரேம்களில் சின்ன ஓட்டை இருக்கும், தண்ணீர் வெளியேற. சேறோ குளவிக்கூடோ அடைத்திருந்தால் ஊக்கால் குத்தி எடுங்கள்.

செயினுக்கு ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒரு தடவை எண்ணெய். துணியால் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, பத்து நிமிடம் கழித்து வெளியே வழிவதைத் துடைத்துவிட வேண்டும். இந்தக் கடைசித் துடைப்பை விட்டால் மணல் ஒட்டிக்கொள்ளும். சில கடைகளில் பழைய எஞ்சின் ஆயிலை பிரஷ்ஷால் பூசி விடுவார்கள். அது மணலோடு சேர்ந்து பல்சக்கரத்தை அரைத்துத் தின்னும். டிஸ்க் பிரேக் பக்கம் ஸ்பிரே அடிக்கவே அடிக்காதீர்கள். தகட்டில் எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காது.

டயர் காற்றில்லாமல் நின்றால் பக்கவாட்டில் மடிந்து வெடிப்பு விடும். ஓட்டாவிட்டாலும் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, டயரில் அச்சடித்திருக்கும் அளவுக்குக் காற்றடியுங்கள்.

இடம் என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. வருஷக்கணக்கில் நகராத காருக்குக் கூரையோடு இடம் தரும் குடியிருப்புச் சங்கங்கள், நாலு சைக்கிள் நின்றால் "பார்க்க அசிங்கமாக இருக்கிறது" என்கின்றன. ஒரு கார் நிற்கும் இடத்தில் ஆறேழு சைக்கிள் நிற்கும். சண்டை போடாமல், நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதிக் கொடுத்து, தரையில் பதித்த இரும்புக் கம்பி ஒன்றைக் கேளுங்கள். பூட்டுவதற்கு அதுதான் வேண்டும்.

பூட்டு யூ வடிவமாக இருக்கட்டும்; மெல்லிய கேபிள் பூட்டு கட்டருக்கு ஒரே கடி. ஃப்ரேமையும் பின்சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டுங்கள். கேட்டில் பூட்டாதீர்கள், பல கேட்டுகளைக் கீலோடு தூக்கிக் கழற்றிவிடலாம். கையால் திருகிக் கழற்றும் சக்கர லீவரை மாற்றி ஆலன் கீ (அறுகோணச் சாவி) போட்டுத் திருகும் அச்சாக்கிவிடுங்கள். சைக்கிளைக் கவிழ்த்தால் பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில் ஃப்ரேம் நம்பர் பொறித்திருக்கும்; அதை இன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள், தொலைந்தால் போலீஸில் புகார் கொடுக்க அது உதவும்.